நீர்மட்டமும் நேர்நிலையும்
(பெருந்தட்டுக் கமராவை நிலைநிறுத்தும் முறைபற்றிய ஒரு பாடம்)

தோற்றுவாய்

தமிழாசிரியன் ஒருவன் படம்பிடிக்குங் கமராவைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பைத் தரலாம். எழுத்தும் சொல்லும் கற்பிப்பவனுக்கு வில்லையும் துருத்தியும் எதற்கு என வினவுவாரும் உளராவர். அவர்கட்கு யான் கூறும் விடை ஒன்றே. நம் கரையோரத்துக் காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகளார் இளமையில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராயிருந்தவர். பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். பழந்தமிழர் இசைக்கருவியாகிய யாழினைக் கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டவர். கருவியை அளந்தறிதலும் தமிழ்ப்பணியே என்பதை அவர் வாழ்க்கையே நமக்குக் காட்டும்.

இக்கட்டுரைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. கமராவை நேர்நிறுத்தத் தெரியாமையால் யான் ஒருமுறை பெரும்பிழை ஒன்று செய்தேன். அப்பிழையைத் திருத்தும் வாய்ப்பு எனக்கு மீளக் கிட்டவில்லை. அதனை உரிய இடத்தில் உரைப்பேன். முதலில் கருவியையும் அதன் முறையையும் காண்போம்.

கருவியின் உறுப்புக்கள்

பெருந்தட்டுக் கமரா என்பது நம் பாட்டனார் காலத்துப் படக்கூடங்களில் முக்காலிமேல் நின்ற அம்மரக் கருவியே. கறுப்புத் துணியைத் தலைமேற் போர்த்துக்கொண்டு படம்பிடிப்போர் அதனுள் நோக்கிய காட்சியை மூத்தோர் மறந்திரார். இன்று கைபேசியாற் படம்பிடிக்கும் மாணவர்க்கு அதன் அமைப்பைச் சற்றே விளக்கல் வேண்டும்.

அடியில் ஒரு பலகை அல்லது தண்டு. அதன்மேல் இரண்டு சட்டங்கள். முன்சட்டத்தில் வில்லை பொருந்தியிருக்கும். பின்சட்டத்தில் மங்கற்கண்ணாடி பொருந்தியிருக்கும். இரண்டையும் இணைப்பது ஒளிபுகாத துருத்தி. வில்லையூடாக வரும் ஒளி மங்கற்கண்ணாடியில் தலைகீழான விம்பமாக விழும். அவ்விம்பத்தைப் பார்த்துக் குவித்தபின், கண்ணாடியிருந்த இடத்தில் தட்டுப்பெட்டியைச் செருகிப் படம்பிடிப்பர். கண்ணாடித் தட்டும், பிற்காலத்தில் தகட்டுப் படச்சுருளும், சில வேளை புரோமைட்டுத் தாளும் இப்பெட்டியில் இடம்பெறும்.

ஏனைய கமராக்களுக்கும் இதற்கும் உள்ள பெருவேற்றுமை யாதெனின், இதன் சட்டங்கள் அசையும். வில்லையை மேலும் கீழும் நகர்த்தலாம்; இடமும் வலமும் நகர்த்தலாம்; முன்னும் பின்னும் சாய்க்கலாம்; கதவுபோலத் திருப்பவும் செய்யலாம். இவ்வுரிமையே இதன் பெருமை. இதன் இடரும் இதுவே. இறுகிய கமராவில் வில்லையும் தட்டும் என்றும் ஒன்றுக்கொன்று நேராகவே நிற்கும். அசையும் கமராவில் அவற்றை நேர்நிறுத்தல் படம்பிடிப்போனின் கடமையாகின்றது.

முன்னோர் காட்டிய வழி

நேர்நிறுத்தலின் அருமையை அறிய விரும்புவோர் தஞ்சைப் பெருங்கோயிலை நினைக்க. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அக்கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுக்கள் வரிவரியாக ஓடுகின்றன. அவற்றை 1858 இல் படம்பிடித்தவர் லின்னேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கிலப் படையலுவலர். சென்னை மாகாண அரசினர் 1856 இல் அவரைத் தம் படப்பிடிப்பாளராக நியமித்திருந்தனர். மதுரை, திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் தமிழகத்துக் கோயில்களின் மிகப் பழைய படங்களுட் சேர்ந்தவை.

தஞ்சைக் கல்வெட்டு முழுவதும் ஒரே படத்தில் அடங்காது. ஆதலின் அவர் சுவரோரமாகக் கமராவை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, 21 தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி 19 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஒரே படமாக்கினார். மாணவர்கள் இங்கே சிந்திக்க வேண்டும். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் முக்காலி புதிய நிலத்தில் ஊன்றப்படும். ஒரிடத்தில் கமரா சற்றே சாய்ந்தாலும் கல்வெட்டு வரி அடுத்த தாளின் வரியோடு பொருந்தாது. ஓரிடத்தில் தூரம் மாறினாலும் எழுத்தின் பருமன் மாறிவிடும். மட்டமும் தூரமும் நேர்நிலையும் இருபத்தொரு முறையும் ஒத்திருந்தாலன்றி அப்படம் உருவாகியிராது. அக்கோயிற் கல்வெட்டுக்களை ஹுல்ட்ஷ் என்னும் அறிஞர் அச்சிற் பதிப்பிக்கத் தொடங்கியது 1891 இலேயே. அதற்கு முப்பது ஆண்டுகட்கு மேல் முந்தியே கமரா அவற்றை வரிபிறழாது படியெடுத்துவிட்டது.

நம் நாட்டிலும் ஜோசப் லோட்டன் என்பார் 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் தொல்பொருட்களை அரசினர்க்காகப் படம்பிடித்தார். காட்டினுள் ஈரத் தட்டுக்களைப் பூசி, உலருமுன் படம்பிடித்து, அங்கேயே கழுவியெடுத்த காலம் அது. அவ்விரைவிலும் அவர் தூண்கள் தூண்களாகவே நிமிர்ந்து நிற்கக் காண்கிறோம்.

இக்கலை நமக்குப் புதிதன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், கோலின் நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்த செய்தி வருகின்றது. இன்றும் நம்மூர் மேசன்மார் சுவரெழுப்புமுன் நீர்மட்டத்தையும் தூக்குக்குண்டையும் கையிலெடுக்கின்றனர். கமராவுக்கு வேண்டுவனவும் இவையே.

முதற்படி: மண்ணும் முக்காலியும்

கல்முனைப் பட்டினத்தில் முன்னாளிற் படக்கூடம் நடத்திய முதியவர் ஒருவரிடம் யான் இத்தொழிலைக் கற்றேன். ஊரார் அவரை ஹாஜியார் என்றே அழைப்பர். யானும் அவ்வாறே அழைத்தேன். முதல் நாள் யான் ஆவலோடு கறுப்புத் துணியினுள் தலையை நுழைத்தபோது அவர் என் தோளைத் தொட்டு, “தம்பி, முதல்ல மண்ணைப் பாருங்க, பொறகு கண்ணாடியப் பாருங்க” என்றார். அதன் பொருள் விளங்க எனக்குச் சில ஆண்டுகள் சென்றன.

நம் கரையோர நிலம் பெரும்பாலும் மணல். முக்காலி ஊன்றியபோது மட்டமாயிருப்பது, தட்டுப்பெட்டியைச் செருகும்போது ஒரு கால் அமிழ்ந்து சாயும். ஆதலின் மூன்று கால்களின் கீழும் சிறு பலகைத் துண்டுகளை இடுக. கால்களை நன்கு விரித்து, மேலிருந்து கையால் அழுத்திப் பார்த்து, இனி அமிழாது என்று கண்டபின் அடுத்த செயலுக்குச் செல்க.

ஒரு கால் படம்பிடிக்கும் பொருளை நோக்கியும், இரு கால்கள் நம் பக்கமாகவும் இருத்தல் நன்று. அவ்வாறிருப்பின் முன்பின் சாய்வை முன்காலாலும், இடவலச் சாய்வை நம் பக்கத்து இரு கால்களாலும் திருத்தலாம். கால்களாலேயே மட்டத்தைப் பெரும்பாலும் அமைத்துவிட்டு, எஞ்சிய சிறு பிழையை மட்டுமே தலைத்திருகாணியாற் போக்குக. திருகாணியை நம்பிக் கால்களைக் கவனியாதோர் ஒவ்வொரு திருப்பத்திலும் மட்டத்தை இழப்பர்.

இரண்டாம்படி: மட்டம் பார்த்தல்

நீர்மட்டத்தை அடிப்பலகையின்மேல் ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை குறுக்குவாக்கிலும் வைத்துக் குமிழ் நடுவில் நிற்கச் செய்க. அதன்பின் பின்சட்டத்தோடு அணைத்து வைத்து, அது நிலைக்குத்தாக நிற்கின்றதா எனவும் காண்க. அடிப்பலகை மட்டமாயிருந்தும் சட்டம் சாய்ந்திருக்கக் கூடும். படத்தின் தன்மையைத் தீர்மானிப்பது சட்டமேயன்றிப் பலகையன்று.

நீர்மட்டமே பிழையாயிருப்பின் யாது செய்வது? அதனை அறியும் வழி எளிது. மேசைமேல் வைத்துக் குமிழின் இடத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் அவ்விடத்திலேயே முனை மாற்றித் திருப்பி வைக்க. குமிழ் மீண்டும் நம்மை நோக்கிய அதே இடத்தில் நின்றால் கருவி நன்று. மறுபக்கம் ஓடினாற் கருவி கோணல், அதனை நீக்கிவிடுக.

ஒரு பாகைச் சாய்வு பெரிதோ என எண்ணாதீர். பத்தங்குல உயரமுள்ள தட்டில் ஒரு பாகைச் சாய்வு ஏறத்தாழ ஓரங்குலத்தின் ஆறிலொரு பங்கு விலகலாகும். அறுபதடிக் கோபுரத்தின் உச்சி படத்தில் ஓரடி பக்கம் சாய்ந்ததுபோலத் தோன்றும். சாய்ந்த கோபுரத்தைப் பார்த்து ஒருவரும் கமராவைக் குறைகூறார். கட்டிய சிற்பியையே குறைகூறுவர்.

மூன்றாம்படி: சூனிய நிலை

எல்லா அசைவுகளும் தொடங்கும் இடத்தைச் சூனிய நிலை என்க. இந்நிலையில் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, வில்லைப்பலகையும் மங்கற்கண்ணாடியும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருத்தல். இரு சட்டங்களின் நான்கு மூலைகளிலும் இடைத்தூரத்தை ஒரு மட்டைத்துண்டால் அளக்க. நான்கும் ஒத்திருத்தல் வேண்டும். கமராவிற் குறிக்கப்பட்ட சூனியக் கோடுகளை மட்டும் நம்புதல் தகாது. மரம் மாரியில் ஊதும், கோடையில் வற்றும், திருகாணி தேயும்.

இரண்டாவது, வில்லையின் நடுவும் கண்ணாடியின் நடுவும் ஒரே உயரத்திலும் ஒரே நேர்கோட்டிலும் அமைதல். கண்ணாடியில் மூலைக்கு மூலை மெல்லிய பென்சிற்கோடு இரண்டு வரைந்தால் அவை வெட்டும் இடமே நடு. அவ்விடத்தூடாகக் கிடைக்கோடு ஒன்றும் நிலைக்குத்துக்கோடு ஒன்றும் வரைந்துகொள்க. அடிப்பலகையிலிருந்து அந்நடுவின் உயரத்தையும் வில்லை நடுவின் உயரத்தையும் அளந்து ஒப்பிடுக.

மூன்றாவது, மங்கற்கண்ணாடியின் தேய்த்த முகம் நிற்கும் அதே தளத்தில் பின்னர்த் தட்டும் நிற்றல். கண்ணாடி உடைந்து மாற்றியவர் பலர் தேய்த்த முகத்தை வெளிப்புறமாக வைத்துவிடுவர். அது வில்லையை நோக்கியே இருத்தல் வேண்டும். இவ்வொன்று பிழைத்தால் கண்ணாடியிற் கூர்மையாகக் கண்டது தட்டில் மங்கலாகவே விழும்.

கடல் தரும் சோதனை

மலைநாட்டார்க்கு வாய்க்காத ஒரு பெரு நீர்மட்டம் நமக்கு வாய்த்திருக்கின்றது. அதுதான் கிழக்கே விரிந்து கிடக்கும் வங்கக் கடல். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையும் எவ்விடத்து நின்று நோக்கினும் கடலும் வானும் கூடும் விளிம்பு கிடையாகவே இருக்கும். ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றம் நிகழும் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் முன்றிலில் நின்று ஹாஜியார் எனக்கு இச்சோதனையைக் காட்டினார்.

கமராவைச் சூனிய நிலையில் மட்டமாக நிறுத்திக் கடலை நோக்கித் திருப்புக. பிற்பகலே ஏற்ற வேளை. முற்பகலிற் கதிரவன் வில்லையினுள் நேரே பாயும். கடல்விளிம்பு கண்ணாடியின் கிடைக்கோட்டோடு இடமிருந்து வலம்வரை முற்றும் பொருந்துதல் வேண்டும். விளிம்பு சரிந்து நின்றால் இடவலச் சாய்வு இருக்கின்றது என அறிக. சரியாமல் ஆனால் கோட்டுக்கு மேலே நின்றாற் கமரா மேனோக்கி இருக்கின்றது. விம்பம் தலைகீழ் என்பதை மறவற்க. கீழே நின்றாற் கமரா கீழ்நோக்கி இருக்கின்றது. நீர்மட்டம் சரியெனக் காட்டியும் விளிம்பு பொருந்தாவிடின் கமராவின் சட்டத்திலோ வில்லையின் உயரத்திலோ பிழை உண்டு.

பூமி உருண்டையாதலின் கடல்விளிம்பு நம் கண்மட்டத்துக்குச் சற்றே தாழ்ந்திருக்கும் அன்றோ எனக் கணித மாணவர் வினவலாம். நன்று வினவினீர். ஐந்தடி உயரத்திலிருந்து நோக்குவார்க்கு அத்தாழ்வு ஒரு பாகையின் இருபத்தைந்திலொரு பங்கே. பன்னிரண்டங்குலக் குவியத்தூரமுள்ள வில்லையில் அஃது ஓரங்குலத்தின் நூற்றிலொரு பங்கினுங் குறைவு. நம் பென்சிற்கோட்டின் தடிப்பினுள் அது மறைந்துவிடும்.

கோபுரமும் வில்லையேற்றமும்

உயர்ந்த கட்டடத்தைப் படம்பிடிப்போர் கமராவை மேனோக்கிச் சாய்ப்பது இயல்பு. அவ்வாறு சாய்த்தால் தட்டும் சாய்கின்றது, கட்டடத்தின் உச்சி அடியைவிடத் தட்டிலிருந்து தொலைவாகின்றது, தொலைவானது சிறிதாகின்றது. 120 அடி தூரத்தில் நின்று, 60 அடி உயரமுள்ள கட்டடத்தை நோக்கிக் கமராவைப் 15 பாகை சாய்த்தால், அடியில் 100 பங்கு அகலமாகத் தோன்றுவது உச்சியில் 88 பங்காகச் சுருங்கிவிடும். கோபுரம் இயல்பாகவே மேற்செல்லக் குறுகுவது. சிற்பி வகுத்த குறுக்கத்தோடு நம் பிழையின் குறுக்கமும் சேர்ந்தால் எது சிற்பியினது, எது நம்முடையது என்று பிற்காலத்தார் எங்ஙனம் பிரித்தறிவர்?

இதற்குப் பெருந்தட்டுக் கமரா தரும் தீர்வு வில்லையேற்றம். எடுத்துக்காட்டாக, 10 அங்குல உயரமுள்ள தட்டும் 12 அங்குலக் குவியத்தூரமுள்ள வில்லையும் கொள்வோம். கமரா தரையிலிருந்து 5 அடி உயரத்தில் மட்டமாக நிற்கின்றது. கட்டடத்தின் உச்சி வில்லையச்சுக்கு மேல் 55 அடி. 120 அடி தூரத்தில் இது 5½ அங்குலமாக விழும். தட்டின் பாதியோ 5 அங்குலமே. எனவே உச்சி வெட்டுண்ணும். கட்டடத்தின் அடி அச்சுக்குக் கீழ் 5 அடி. இது அரை அங்குலமே. எஞ்சிய 4½ அங்குலமும் வெறுந்தரையாகக் கழியும். இப்போது கமராவைச் சாய்க்காமல் வில்லையை மட்டும் 2 அங்குலம் உயர்த்துக. மேற்பக்கம் 7 அங்குலமும் கீழ்ப்பக்கம் 3 அங்குலமும் கிடைக்கும். உச்சியும் அடங்கும், அடியும் அடங்கும், தட்டு நிலைக்குத்தாகவே நிற்பதால் தூண்களும் நிலைக்குத்தாகவே நிற்கும்.

இதிலிருந்து பிறக்கும் விதி இது: பொருளின் வடிவம் பிறழாதிருக்க வேண்டின் தட்டின் தளம் பொருளின் தளத்துக்குச் சமாந்தரமாதல் வேண்டும். வில்லை எங்கு நகர்ந்தாலும் இவ்விதி மாறாது.

வயலும் வில்லைச்சாய்வும்

வடிவத்தை ஆள்வது தட்டு. கூர்மையை ஆள்வது வில்லையும் தட்டும் கூடி. சம்மாந்துறை வயல்வெளியைப் படம்பிடிக்கும்போது காலடியிலுள்ள வரம்பும் தொலைவிலுள்ள மரவரிசையும் ஒருங்கே கூர்மையாக வேண்டும். ஒன்றைக் குவித்தால் மற்றொன்று மங்கும். இங்கே வில்லையைச் சிறிது முன்சாய்த்தல் வேண்டும். பொருட்டளம், வில்லைத்தளம், தட்டுத்தளம் ஆகிய மூன்றும் நீட்டினால் ஒரே கோட்டிற் சந்திக்குமாயின் பொருட்டளம் முழுவதும் கூர்மையாகும் என்பது விதி. இதனை ஒஸ்திரியப் படையலுவலர் தியோடர் ஷைம்ப்பிளக் என்பார் 1904 ஆம் ஆண்டுக் காப்புரிமை ஆவணத்தில் விரித்துரைத்தமையால் அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

தட்டு நிலைக்குத்தாக நிற்க, நிலம் மட்டமாயிருக்க, எவ்வளவு சாய்ப்பது? குவியத்தூரத்தைக் கமராவின் உயரத்தால் வகுத்தால் வருவது சாய்கோணத்தின் சைன் மதிப்பு. 6 அங்குல வில்லையும் 60 அங்குல உயரமும் ஆயின் பத்திலொன்று. அஃதாவது 6 பாகைக்குச் சற்றுக் குறைவு. கண்ணுக்குப் புலப்படாத அத்துணைச் சிறு சாய்வு காத வழி வயலைக் கூர்மையாக்குகின்றது. அங்ஙனமாயின், நாம் அறியாமற் சட்டத்தில் நேர்ந்த சிறு சாய்வு எத்துணைக் கேடு செய்யும் என்பதையும் எண்ணுக. வேண்டிச் சாய்ப்பது கலை; அறியாது சாய்வது கேடு. இரண்டையும் பிரிப்பது சூனிய நிலை.

யான் செய்த பிழை

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையை அழித்தது. இலங்கையில் மிகுதியான உயிர்கள் மாண்டது நம் அம்பாறை மாவட்டத்திலேயே. மாண்டோரின் முகங்களும் பலவாறு மறைந்தன. சுவரில் தொங்கிய படங்களையும், பெட்டியிற் பேணிய கண்ணாடித் தட்டுக்களையும் கடல் கொண்டுபோயிற்று.

மறுவருடம் மருதமுனையிலிருந்து தாயொருவர் என்னைத் தேடி வந்தார். கைத்தறிக் குடும்பத்தவர். சேலைத்துண்டில் சுற்றி ஒரு குழுப்படம் கொண்டுவந்தார். எட்டுக்கு ஆறங்குலப் படம். பாடசாலை உதைபந்தாட்டக் குழுவினர் படம். இடவோரத்தில் நின்றவன் அவர் மகன். அலைக்குப்பின் எஞ்சிய அவன் முகம் அது ஒன்றே. உப்புநீர் ஊறி, மேற்பூச்சு உரியத் தொடங்கியிருந்தது. “மகன், இது கெட்டுப்போறதுக்கு முந்தி இன்னொண்டு எடுத்துத் தாங்க” என்றார்.

யான் அப்போது இளைஞன். பழைய முழுத்தட்டுக் கமரா ஒன்று என் கைக்கு வந்து சில திங்களே ஆகியிருந்தன. படத்தைப் பலகையிற் குத்தி, பலகையைச் சுவரிற் சாத்தி, 8 அங்குல வில்லையாற் சம அளவில் படியெடுத்தேன். தட்டுக்குப் பதிலாகப் புரோமைட்டுத் தாளையே இட்டேன். மாலை வெளிச்சம் குன்றியதால் துவாரத்தைச் சுருக்காமல் எட்டிலேயே விட்டேன். மங்கற்கண்ணாடியின் நடுவை மட்டும் பார்த்துக் குவித்தேன். நடுவில் நின்ற குழுத்தலைவன் முகம் கூர்மையாயிருந்தது. அதுகண்டு மகிழ்ந்து, மூலைகளைப் பாராது விட்டேன்.

படி கழுவி உலர்ந்தபின் நோக்கினேன். நடு நன்றாயிருந்தது. வலத்தினும் இடத்தினும் ஓரங்கள் மங்கியிருந்தன. அவ்விளைஞனின் கண்கள் கரைந்திருந்தன.

பின்னாளிற் கணக்கிட்டுப் பார்த்தேன். பலகையின் இடவோரம் கால் அங்குலம் பின்தள்ளி நின்றிருக்கிறது. சம அளவில் படியெடுக்கும்போது வில்லைக்கும் படத்துக்கும் இடைத்தூரம் 16 அங்குலம். வில்லைக்கும் தாளுக்கும் அதுவே. துவாரத்தின் விட்டம் ஓரங்குலம். கால் அங்குலப் பிழைக்கு விழும் மங்கல்வட்டம் ஓரங்குலத்தின் அறுபத்துநான்கிலொரு பங்கு. இது சிறிதென்பர். ஆனால் அக்குழுப்படத்தில் ஒரு முகத்தின் அகலமே கால் அங்குலம். ஒரு கண்ணின் அகலம் ஓரங்குலத்தின் இருபதிலொரு பங்கு. கண்ணின் மூன்றிலொரு பங்கை மங்கல் விழுங்கிவிட்டது.

மற்றொன்றும் கண்டேன். மங்கற்கண்ணாடியில் விழுந்த படத்தின் இடவோரத்தையும் வலவோரத்தையும் அடிமட்டத்தால் அளந்திருப்பின், இரண்டுக்கும் ஓரங்குலத்தின் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வேறுபாடு தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. யான் அதனைச் செய்யவில்லை.

மீண்டும் படியெடுக்க எண்ணி அவ்வீட்டுக்குச் சென்றபோது மாரி தொடங்கியிருந்தது. தகரக் கொட்டிலின் ஈரத்தில் மூலப்படத்தின் மேற்பூச்சு முற்றும் உரிந்து, அவன் நின்ற பக்கம் வெறுந்தாளாகியிருந்தது. யான் எடுத்த மங்கற்படியே எஞ்சியது. நடந்ததை மறையாது சொன்னேன். பலகை கோணியதால் வந்த பிழை என்றேன். அவர் நெடுநேரம் அப்படியை நோக்கியிருந்தார். பின்னர், “பாவு கோணினா சேலையும் கோணும் மகன். இனி வாறவங்களுக்காவது நேரா எடுத்துக் குடுங்க” என்றார். அப்படியைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றார். இன்றும் அவ்வழியாகச் செல்லும்போதெல்லாம் உள்ளே சென்று அதனைப் பார்த்தே வருகிறேன்.

அதன்பின்னரே ஹாஜியாரிடம் மாணாக்கனாகச் சேர்ந்தேன்.

படியெடுக்கும் முறை

பழம்படங்களைப் படியெடுக்க விரும்புவோர்க்கு அவர் கற்பித்த முறை இது.

படத்தைப் பொருத்திய பலகையைச் சுவரிற் சாத்தாது நிலைக்குத்தாக நிறுத்தித் தூக்குக்குண்டால் சரிபார்க்க. கமராவைச் சூனிய நிலையில் மட்டமாக நிறுத்துக. படத்தின் நடுவும் வில்லையின் நடுவும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். படத்தின் நடுவிருக்கும் இடத்தில் சிறிய தட்டைக் கண்ணாடி ஒன்றைப் பலகையோடு ஒட்ட அணைத்து வைக்க. முன்சட்டத்தின்மேல் கைவிளக்கால் ஒளிபாய்ச்சுக. துருத்தியைச் சிறிது குறுக்கிக் குவித்தால், வில்லையின் விம்பம் அதே வில்லையூடாக மங்கற்கண்ணாடியில் தோன்றும். அது நடுப்புள்ளியில் அமைந்தாற் கமராவும் பலகையும் நேருக்கு நேர் நிற்கின்றன. இடமோ வலமோ விலகினால் அவ்வளவுக்குத் திருகல் உண்டு.

பின்னர்க் கண்ணாடியை எடுத்துப் படத்தைப் பொருத்திக் குவித்து, நான்கு ஓரங்களையும் அளக்க. எதிரோரங்கள் ஒத்திருத்தல் வேண்டும். பெருக்குக்கண்ணாடி கொண்டு நடுவையும் நான்கு மூலைகளையும் தனித்தனியே நோக்குக. எல்லாத் திருகாணிகளையும் இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை நோக்குக. இறுக்கும்போதே சட்டம் அசைதல் உண்டு. இறுதியாகத் துவாரத்தைச் சுருக்கிப் படம்பிடிக்க. துவாரத்தைச் சுருக்கினால் சிறு பிழை மறையும் என்பது மெய்யே. ஆயினும் அதனை நம்பி நேர்நிறுத்தலைக் கைவிடுதல், எழுத்துப்பிழையை மறைக்க மையைச் சிந்துவது போலாகும்.

கைபேசியாற் படியெடுப்போர்க்கும் இவ்விதிகள் பொருந்தும். கருவி மாறினும் தளத்துக்குத் தளம் சமாந்தரமாதல் வேண்டும் என்னும் விதி மாறுவதன்று. கணினியிற் பின்னர்த் திருத்தலாமே எனின், கோணிய வடிவத்தை ஒருவாறு திருத்தலாம். கரைந்த கண்களை மீட்டல் இயலாது.

விழாக் குழுப்படம்

நம் கல்லூரி விழாவில் பழைய மாணவரும் இந்நாள் மாணவரும் ஆசிரியரும் ஒருங்கு நின்று குழுப்படம் எடுக்க இருக்கின்றோம். அதற்கும் இப்பாடத்தின் பயன் வேண்டும். வரிசை தட்டுக்குச் சமாந்தரமாக நிற்றல் முதன்மை. கமராவின் முக்காலியிற் கயிறொன்றைக் கட்டி, வரிசையின் இடமுனை வரைக்கும் இழுத்து முடிச்சிடுக. அதே கயிற்றை வலமுனைக்குக் கொண்டுசெல்க. முடிச்சு அங்கும் பொருந்தினால், கமராவை வரிசையின் நடுவில் நிற்பவரை நேரே நோக்கித் திருப்புக. இருசமபக்க முக்கோணியின் இவ்வுண்மையைக் கேத்திரகணித ஆசிரியர் வகுப்பிற் கற்பித்திருப்பார். முற்றத்தில் அதனைக் கையாள்வீராக. பின்னால் நிற்கும் மண்டபத் தூண்கள் மங்கற்கண்ணாடியின் நிலைக்குத்துக் கோட்டோடு ஒத்துச் செல்கின்றனவா என்று பார்த்தபின்னரே தட்டை இடுக. ஓரத்தில் நிற்பவர் முகத்தை முதலிற் கூர்ந்து நோக்குக. நடுவில் நிற்பவர் தாமே கூர்மையாவர்.

படம் எடுத்தபின் ஒவ்வொருவர் பெயரையும், நின்ற வரிசையையும், நாளையும் தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வைத்தல் கடன். படிகள் மூன்றேனும் வெவ்வேறு இடங்களிற் பேணப்படல் வேண்டும். அவற்றுள் ஒன்று கடற்கரைக்குத் தொலைவான இடத்தில் இருக்கட்டும்.

ஹாஜியார் இன்று நம்மிடையே இல்லை. அவர் கையாண்ட நீர்மட்டம் என்னிடம் இருக்கின்றது. குமிழ் இன்னும் பிழையின்றி நடுவிலேயே நிற்கின்றது. பழைய முழுத்தட்டுக் கமராவும் என் வீட்டில் உண்டு. வீட்டில் பழம்படங்கள் உடையோர் அவற்றைக் கொண்டுவருக. கற்க விரும்பும் மாணவர் வருக. சனிக்கிழமை பிற்பகல்களில் கடற்கரையிலிருந்து தொடங்குவோம்.